சினமும் ஆசையும் வகுப்பறைக்குள் வரும்போது

(கீழவாஞ்சூரில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனித உணர்ச்சிகளையும் ஆசையையும் பற்றி இடைக்கால ஐரோப்பாவின் கிறித்தவச் சிந்தனையாளர்கள் என்ன சொன்னார்கள் என்பது இன்றைய பேச்சின் பொருள். தலைப்பைக் கேட்டதும், "ஐயா, மதிய உணவுப் பதிவேடு, வருகைப் பதிவு, தேர்வுத்தாள் என்று ஆயிரம் வேலை கிடக்கிறது, எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பா எங்களுக்கு எதற்கு?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

ஒரு பையன் பக்கத்துப் பையனை அடித்துவிடுகிறான். ஒரு பெண் மூன்று நாளாகப் பேசாமல் இருக்கிறாள். இன்னொருவன் மதிய உணவுக்குப் பிறகு சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒருத்தியின் பையில் காதல் கடிதம் அகப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் நம்மிடம் ஆயத்தமாகச் சில பெயர்கள் இருக்கின்றன: முரடன், அழுத்தக்காரி, சோம்பேறி, கெட்டுப்போனவள். பெயர் வைத்ததும் தண்டனையும் தயாராகிவிடுகிறது. உணர்ச்சியைக் குற்றமாகப் பார்ப்பதா, புரிந்துகொண்டு வழிநடத்த வேண்டிய ஆற்றலாகப் பார்ப்பதா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. இதே கேள்வியை அந்த இடைக்காலத்தார் ஆயிரம் ஆண்டுகள் விடாமல் விவாதித்தார்கள். மதம் சார்ந்த நம்பிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்த விவாதத்திலிருந்து ஓர் ஆசிரியர் என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று பார்ப்போம்.

இந்தச் சிந்தனை நமக்கு அந்நியமானதும் அன்று. கப்பலேறித் தமிழ்க் கரைக்கு வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தமிழ் எழுத்தில் 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அன்றீக்கே அடிகளார், 1580-இல் 'கொம்பெசியோனாயரு' என்ற நூலையும் அச்சிட்டார். பாவசங்கீர்த்தனம் செய்ய வருபவர் தம் மனத்தைத் தாமே ஆராய்ந்துகொள்ள உதவும் கையேடு அது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, ஆன்மாவின் இயல்பைப் பற்றி 'ஆத்தும நிர்ணயம்' எழுதினார். அவருக்கு ஒரு நூற்றாண்டு பின்னால் வந்தவர் நாம் எல்லோரும் அறிந்த வீரமாமுனிவர். இவர்கள் மூவரும் இயேசு சபையினர். அந்தச் சபை தன் இறையியல் கல்விக்கு வழிகாட்டியாகக் கொண்டது 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாசை. ஆகவே இன்று நாம் பேசப்போகும் கருத்துகள் ஏற்கெனவே தமிழ் பேசியவை.

கீழவாஞ்சூரில் இதைப் பேசுவதும் பொருத்தமே. தெற்கே நாகூர் தர்கா, அதற்கும் தெற்கே வேளாங்கண்ணி, வடக்கே அம்மையாரின் காரைக்கால், அதற்கும் வடக்கே டேனியர்களின் தரங்கம்பாடி. பக்தியும் ஆசையும் வேண்டுதலும் துயரமும் நடந்து போகும் சாலை இது. சாலையின் ஒரு பக்கம் 2009 முதல் இயங்கும் துறைமுகம். மறுபக்கம் மாநில எல்லை. எல்லையின் இந்தப் பக்கம் மது மலிவு என்பதால் வாஞ்சூர் என்ற பெயர் வெளியூரில் எதற்காக அறியப்படுகிறது என்று இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆசை என்பது அவர்களுக்குப் பாடநூலில் வரும் சொல் அன்று. பள்ளிக்கு வரும் வழியிலேயே அதைப் பார்க்கிறார்கள்.

இனி வரலாற்றுக்குள் போவோம்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் தனித்தனிக் குடில்களில் துறவிகள் வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர் எவாக்ரியுஸ். மனத்தை அலைக்கழிக்கும் எட்டு எண்ணங்களை அவர் பட்டியலிட்டார்: பெருந்தீனி, காமம், பணப்பற்று, துயரம், சினம், சலிப்பு, வீண்புகழ், செருக்கு. இவற்றுள் 'சலிப்பு' என்று நான் சொன்னதற்குக் கிரேக்கத்தில் 'அக்கேடியா' என்று பெயர். அதை அவர் வருணிப்பதைக் கேளுங்கள். காலை பத்து மணியளவில் அது துறவியைப் பிடிக்கிறது. பிற்பகல் இரண்டு மணி வரை விடுவதில்லை. சூரியன் நகர்வதே இல்லை போல இருக்கிறது. பகலுக்கு ஐம்பது மணி நேரம் ஆனது போலத் தோன்றுகிறது. சன்னலை எட்டி எட்டிப் பார்க்கிறான். சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்டதா என்று வெளியே வந்து வானத்தை அளக்கிறான். யாராவது வருகிறார்களா என்று தேடுகிறான். இந்த இடம் பிடிக்கவில்லை, இந்த வேலை பிடிக்கவில்லை, வேறெங்காவது போனால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஐந்தாவது பாடவேளையை நேரில் பார்த்து எழுதியது போல இருக்கிறது, இல்லையா? (ஆசிரியருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

எவாக்ரியுசின் எட்டும் காசியன் என்பவர் வழியாக இலத்தீன் உலகுக்கு வந்தன. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாண்டவர் கிரகோரி அவற்றை ஏழாகத் திருத்தினார். பொறாமையைச் சேர்த்தார், சலிப்பைத் துயரத்துக்குள் அடக்கினார். பின்னர் சலிப்பே திரும்ப வந்து துயரத்தின் இடத்தைப் பிடித்தது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொருவரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. துறவிகளின் தியானத்துக்காக உருவான பட்டியல் அதன்பின் பொதுமக்கள் அனைவருக்குமான பட்டியல் ஆயிற்று.

அந்தப் பட்டியல்தான் தமிழில் 'தலையான பாவங்கள் ஏழு' என வந்தது. பழைய ஞானோபதேசம் படித்த பாட்டிமார் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: ஆங்காரம், லோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். இவற்றுக்கு எதிரான புண்ணியங்கள்: தாழ்ச்சி, உதாரம், கற்பு, பொறுமை, மட்டசனம், பிறர்சிநேகம், சுறுசுறுப்பு. தமிழாசிரியர்கள் இங்கே கொஞ்சம் நின்று இந்தச் சொற்களைச் சுவைக்க வேண்டும். மட்டு, அசனம் இரண்டும் சேர்ந்து மட்டசனம், அளவான உணவு. காய்மகாரம் என்றால் பொறாமை. 'காய்தல்' என்ற வினையோடு வைத்துப் பார்த்தால் பிறர் நன்மை கண்டு உள்ளே காய்ந்துபோகும் மனம் கண்முன் வரும்.

ஆனால் ஏழாவது சொல்லைப் பாருங்கள். அக்கேடியா 'சோம்பல்' ஆகிவிட்டது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் இதே மாற்றம்தான். எவாக்ரியுஸ் சொன்னது உடல் நோகாமல் இருக்கும் சுகத்தை அன்று. தான் செய்ய வேண்டிய நல்ல காரியமே தன் கண்ணுக்குச் சுமையாகத் தெரியும் ஒரு துயரத்தை. அக்வினாசும் அதைத் துயரத்தின் வகையாகவே வைக்கிறார். சோம்பேறி என்று நாம் பெயர் வைக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் துயரத்தில் இருப்பவர்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அது முடியும் தறுவாயில்தான் பள்ளி திறக்கிறது. விசைப்படகு வருமானத்தை நம்பிய வீட்டில் இரண்டு மாதமாகக் கையில் காசு இல்லை. அந்த ஜூன் மாதத்தில் மேசையில் தலை வைத்துப் படுக்கும் ஒரு பையனைச் 'சோம்பேறி' என்பதும், 'இவனுக்கு என்ன துயரம்?' என்று கேட்பதும் இரண்டு வெவ்வேறு வழிகள். சொல்லை மாற்றினால் நாம் அடுத்துச் செய்யும் செயலும் மாறுகிறது.

அடுத்து அகுஸ்தீன். கி.பி. 354-இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். தம் வாழ்வைத் தாமே விசாரித்து அவர் எழுதிய 'ஒப்புதல்கள்' நூலில் ஆசிரியர்கள் படிக்க வேண்டிய பகுதிகள் இரண்டு உண்டு.

முதலாவது, அவர் பள்ளியில் அடி வாங்கிய கதை. பந்து விளையாடினான் என்பதற்காகச் சிறுவனை ஆசிரியர் அடிக்கிறார். அந்த ஆசிரியரோ சக ஆசிரியர் ஒருவரிடம் ஏதோ அற்ப விவாதத்தில் தோற்றுவிட்டால், பந்தாட்டத்தில் தோற்ற சிறுவனைவிட அதிகமாகப் பொறாமையில் வெந்துபோகிறார். இருவருக்கும் இருப்பது ஒரே உணர்ச்சி. ஒருவர் கையில் பிரம்பு இருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

இரண்டாவது, பேரிக்காய்த் திருட்டு. பதினாறு வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து, இரவில் ஒரு மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளிச் சென்றான். பசி இல்லை. அவற்றைவிட நல்ல பழம் வீட்டிலேயே இருந்தது. பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். ஏன் செய்தேன் என்று பல பக்கங்கள் தோண்டிக்கொண்டே போகிறார் அகுஸ்தீன். கடைசியில் அவர் வந்து சேரும் இடங்களில் ஒன்று: தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். ஆசை பேரிக்காயின் மீது இருக்கவில்லை. கூட்டாளிகளோடு சேர்ந்து இருப்பதன் மீது இருந்தது. ஒன்பதாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சுவரேறிக் குதித்தவனை விசாரிக்கும்போது, "எதற்காகச் செய்தாய்?" என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இருக்காது. "யாரோடு இருக்க விரும்பினாய்?" என்று கேட்டால் பதில் வரும்.

அகுஸ்தீனுக்கு அன்பு என்பது எடையைப் போன்றது. கல் கீழே விழுவதும் நெருப்பு மேலே எழுவதும் அதனதன் எடையால் என்று அக்காலத்தார் நம்பினார்கள். மனிதனை இழுத்துச் செல்லும் எடை அவன் அன்பு. அன்பே இல்லாத மனிதன் இருக்க முடியாது. எதை, எந்த வரிசையில் நேசிக்கிறான் என்பதே கேள்வி. சிறியதைப் பெரியதற்கு மேலாக நேசித்தால் வாழ்வு குலைகிறது. அதனால் உணர்ச்சியே அற்ற நிலையை அவர் இலட்சியமாக ஏற்கவில்லை.

இதற்காக 'கடவுளின் நகரம்' நூலில் ஒரு கடற்கதையை எடுத்தாள்கிறார். உணர்ச்சிகளை வென்றவர் என்று பெயர் பெற்ற ஸ்டோயிக் தத்துவஞானி ஒருவர் கப்பலில் போகிறார். புயல் அடிக்கிறது. அவர் முகம் வெளுத்துப்போகிறது. புயல் ஓய்ந்ததும் உடன்வந்தவர் கேலியாகக் கேட்கிறார். மனத்தின் முதல் அதிர்வு யார் கையிலும் இல்லை, அதன்பின் அறிவு அதற்கு இசைகிறதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது என்பது அந்தக் கதை சொல்லும் பாடம். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த கரை இது. பயப்படாதே என்று யாரையும் இங்கே அதட்ட முடியாது. வெளுத்த முகம் கோழைத்தனத்தின் அடையாளம் அன்று என்று சொல்லித்தர முடியும்.

12ஆம் நூற்றாண்டில் பாரிசில் கற்பித்த அபெலார்டு இந்தக் கோட்டை இன்னும் தெளிவாக வரைந்தார். ஒருவன் பிறர் தோட்டத்தைக் கடந்து போகிறான். கனிகளைப் பார்த்து நாவூறுகிறது. அது பாவம் அன்று. எடுத்துக்கொள்வது என்று உள்ளம் இசையும் இடத்தில்தான் குற்றம் தொடங்குகிறது. ஆசை வருவது வேறு, ஆசைக்கு இசைவது வேறு. பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. "அப்படி நினைக்கவே கூடாது" என்கிறோம். நினைப்பு வந்த பிள்ளை தான் ஏற்கெனவே கெட்டுவிட்டதாக நம்பிவிடுகிறது. கெட்டுவிட்டோம் என்று நம்பிவிட்டால், பிறகு தடுத்துக்கொள்ளக் காரணம் எதுவும் இல்லை.

இப்போது அக்வினாசிடம் வருவோம். 1225 முதல் 1274 வரை வாழ்ந்தவர். அவருடைய 'இறையியல் தொகுப்பு' நூலில் உணர்ச்சிகளுக்கென்றே 27 வினாக்களை ஒதுக்கியிருக்கிறார். உணர்ச்சிகள் மொத்தம் பதினொன்று என்கிறார். அவற்றை இரண்டு ஆற்றல்களின் கீழ் பிரிக்கிறார்.

முதலாவது, விழையும் ஆற்றல். நல்லதாகத் தெரிவதை நோக்கி அன்பு, ஆசை, மகிழ்ச்சி. தீயதாகத் தெரிவதற்கு எதிராக வெறுப்பு, விலகல், துயரம். ஆக ஆறு. இரண்டாவது, பொருதும் ஆற்றல். அடைவதற்கோ தவிர்ப்பதற்கோ கடினமானதை எதிர்கொள்வது. இங்கே நம்பிக்கையும் நம்பிக்கையிழப்பும், அச்சமும் துணிவும், பிறகு சினமும். ஆக ஐந்து.

பட்டியலில் எல்லாம் இணை இணையாக வருகின்றன; சினம் மட்டும் தனியே நிற்கிறது. ஏன்? தீமை ஏற்கெனவே வந்து தாக்கிவிட்ட பிறகு எழுவது சினம். அந்த நிலையில் ஒருவர் ஒன்று எதிர்த்து எழலாம், அல்லது அடங்கித் துயரத்தில் அமிழலாம். எதிர்த்து எழுவதற்கு நேர்மாறான இன்னோர் எழுச்சி இல்லை. மேலும் அவர் சொல்கிறார்: சினத்துக்குள் ஒரு துயரம் இருக்கிறது, தன்னை யாரோ இழிவாக நடத்திவிட்டார்கள் என்ற எண்ணம் இருக்கிறது, அதைச் சரிசெய்துவிட முடியும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. சரிசெய்ய வழியே இல்லை என்று தெரிந்தவர் சினப்படுவதில்லை, துயரப்படுவதோடு நின்றுவிடுகிறார்.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். கத்துகிற பையனுக்கு நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் மிச்சம் இருக்கிறது. நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது, கத்துவதை நிறுத்திவிட்ட பிள்ளையைப் பற்றி. "இப்போதெல்லாம் அமைதியாகிவிட்டான், திருந்திவிட்டான்" என்று நாம் மகிழும் சில வேளைகளில், அவனுக்கு நம்பிக்கை போய்விட்டிருக்கலாம்.

உணர்ச்சிகள் தம்மளவில் நல்லவையும் அல்ல, தீயவையும் அல்ல என்பது அக்வினாசின் அடிப்படை. அறிவோடு இசைந்து நடக்கும்போது அவை நற்செயலின் தரத்தையே உயர்த்துகின்றன. அறிவு உணர்ச்சியை ஆள வேண்டும். ஆனால் அடிமையை ஆளும் எசமானைப் போல அல்ல என்று அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிச் சொல்கிறார். கையைத் தூக்கு என்றால் கை தூக்கும். கோபமே அடங்கு என்றால் கோபம் அடங்காது. உணர்ச்சிகள் சுதந்திரக் குடிமக்களைப் போன்றவை. எதிர்த்துப் பேசும் உரிமை அவற்றுக்கு உண்டு. பேசி, பழக்கி, இணங்க வைத்துத்தான் ஆள முடியும்.

இந்தக் கட்டடத்தில் இசுலாமிய அறிஞர்களின் பங்கும் உண்டு. இப்னு சீனா (980–1037) அரபியில் எழுதிய ஆன்மா பற்றிய நூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் போயிற்று. அதில் வரும் எடுத்துக்காட்டு, ஓநாயைக் கண்டு ஓடும் ஆடு. ஓநாயின் நிறத்தையோ வடிவத்தையோ கண்டு ஆடு அஞ்சுவதில்லை. 'இது எனக்குத் தீங்கு' என்ற மதிப்பீடு கண்ணில் படாத ஒன்று, அதை உள்ளே ஓர் ஆற்றல் செய்கிறது. அக்வினாஸ் இதை அப்படியே எடுத்துக்கொண்டு, மனிதரிடம் இந்த மதிப்பீடு அறிவோடு கலந்திருப்பதாகச் சொன்னார். ஆகவே ஓர் உணர்ச்சியின் பின்னால் எப்போதும் ஒரு கணிப்பு இருக்கிறது. கணக்குப் பாடம் என்றதும் ஒரு சிறுமி நடுங்கினால், அவள் மதிப்பீட்டில் கணக்கு ஓநாயாகிவிட்டது. "பயப்படாதே" என்று சொல்வதைவிட, அது எப்போது ஓநாயாயிற்று என்று கேட்பது பயன் தரும். அச்சம் பற்றியும் அக்வினாஸ் அளவோடு பேசுகிறார்: சிறிதளவு அச்சம் கவனத்தைக் கூட்டும், மிகுந்த அச்சம் சிந்தனையையே முடக்கிவிடும். தேர்வு நடத்தும் நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

துயரத்துக்கு மருந்தாக அவர் சொல்பவற்றைக் கேட்டால் ஒரு கடினமான இறையியலாளர் என்ற எண்ணமே மறைந்துவிடும். மனத்துக்கு இன்பம் தரும் ஏதாவது ஒன்று, அழுகை, நண்பர்களின் பரிவு, உண்மையைச் சிந்திப்பது, தூக்கமும் குளியலும். இவ்வளவுதான். அழுதால் துயரம் வெளியே போகிறது, உள்ளேயே அடைத்தால் அதிகம் வலிக்கிறது என்கிறார். "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்று கேட்கும் நமக்கு 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு பதில்.

நம்பிக்கை பற்றிய பகுதியில் இன்னொரு கேள்வி கேட்கிறார்: இளைஞர்களிடமும் குடித்தவர்களிடமும் நம்பிக்கை ஏன் மிகுதியாக இருக்கிறது? இளைஞருக்குக் கடந்த காலம் சிறிது, எதிர்காலம் நீண்டது. தோல்விகளை அதிகம் பார்த்ததில்லை. ஆகவே எதுவும் முடியும் என்று நினைக்கிறார்கள். குடித்தவரோ ஆபத்தையும் தன் குறையையும் மறந்துவிடுவதால் அப்படி நினைக்கிறார். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இந்த ஊரில் நம் வேலையை இந்த ஒரு வரியில் வைத்துவிடலாம். இயல்பாகவே நம்பிக்கை நிறைந்த வயதில் நம்மிடம் வருகிறார்கள். அந்த நம்பிக்கையை வகுப்பறை கரைத்துவிட்டால், அதைப் புட்டியில் விலைக்கு வாங்கக் கடை சாலையோரத்தில் இருக்கிறது.

தண்டனை பற்றி ஒரு வார்த்தை. 11ஆம் நூற்றாண்டில் நார்மண்டியின் பெக் மடத்தில் இருந்த ஆன்செல்மிடம் ஒரு மடாதிபதி வந்து முறையிட்டதை, ஆன்செல்மின் வரலாற்றை எழுதிய ஈட்மர் பதிவு செய்திருக்கிறார். மடத்தில் வளரும் சிறுவர்களை இரவும் பகலும் அடிக்கிறோம், மேலும் மேலும் மோசமாகிறார்களே என்கிறார் மடாதிபதி. ஆன்செல்ம் கேட்கிறார்: உங்கள் தோட்டத்தில் ஒரு கன்றை நட்டு, கிளைகள் எந்தப் பக்கமும் நீள முடியாதபடி சுற்றிலும் அடைத்துவைத்தால், ஆண்டுகள் கழித்துத் திறக்கும்போது என்ன மரம் கிடைக்கும்? கிளைகள் முறுகிப் பின்னிய, பயனற்ற மரம். அது மரத்தின் குற்றமா? அச்சத்தால் அடைக்கப்பட்ட பிள்ளைகளும் உள்ளுக்குள் முறுகிப்போகிறார்கள். உங்களிடம் அன்பு இல்லை என்று உணர்ந்ததால், நீங்கள் செய்வதெல்லாம் பகையால் என்றே நினைக்கிறார்கள். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சிப் பிரம்பைக் கீழே வைக்கலாம். ஆன்செல்ம் சொல்வது புரிந்தால் அதைத் திரும்ப எடுக்கவே தோன்றாது.

இதுவரை அந்த மரபின் வலிமையைச் சொன்னேன். குறையையும் சொல்லியாக வேண்டும். உணர்ச்சியைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தவர்கள் உடலின்பத்தைப் பற்றி மட்டும் பெரும்பாலும் ஐயத்தோடே பேசினார்கள். அகுஸ்தீனிடமிருந்து தொடங்கி, காமம் என்றால் உடனே காவல் போடும் பழக்கம் இருந்தது. அதன் சுமை பெண்கள் மீது அதிகம் விழுந்தது. அதற்கு நம் இலக்கிய வரலாற்றிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. வீரமாமுனிவர் 1730-இல் திருக்குறளை இலத்தீனில் மொழிபெயர்த்தார். அறத்துப்பால் செய்தார், பொருட்பால் செய்தார். மூன்றாம் பாலை விட்டுவிட்டார். தேம்பாவணி பாடிய அந்தப் பெரும் புலவருக்குத் தமிழ்ச்சுவை தெரியாமலா விட்டார்? அவர் கற்ற மரபு அந்த 25 அதிகாரங்களின் வாசலில் அவரை நிறுத்திவிட்டது.

அவரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை திருக்குறளைக் கற்பிக்க வேண்டும் என்று சொன்னபோதும் அறத்துப்பாலும் பொருட்பாலும் சேர்ந்த 108 அதிகாரங்கள்தான் பேசப்பட்டன. வயதுக்கேற்ற தேர்வு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் மனத்தில் எந்நேரமும் ஓடும் ஒன்றைப் பற்றிப் பள்ளி ஒரு சொல்லும் சொல்லாவிட்டால், அந்தப் பாடத்தைக் கைப்பேசி நடத்தும். பையில் கிடைத்த கடிதத்தை வகுப்பில் உரக்கப் படிப்பது கண்டிப்பு ஆகாது. நாணம் என்பது அச்சத்தின் ஒரு வகை, அருகில் இருப்பவர் முன்னால்தான் அது அதிகமாக எரிக்கும் என்று அக்வினாஸ் சொல்வது இங்கே பொருந்தும். அந்தப் பிள்ளை அடுத்த நாளும் அதே நாற்பது பேர் நடுவில் உட்கார வேண்டும்.

இந்த இடத்தில் நம் மரபு கைகொடுக்கும். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாகச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அக்வினாசின் பதினொன்றோடு வைத்துப் பார்த்தால் அழுகையும் அச்சமும் வெகுளியும் உவகையும் இரண்டிலும் உண்டு. நகையும் மருட்கையும் தொல்காப்பியத்தில் மட்டும். நம்பிக்கையும் ஆசையும் அக்வினாசில் மட்டும். தொல்காப்பியர் உடலில் வெளிப்படுவதைப் பார்க்கிறார். அக்வினாஸ் மனம் எதை நோக்கி நகர்கிறது என்று பார்க்கிறார். ஆசிரியருக்கு இரண்டு கண்ணும் வேண்டும். முகத்தில் தெரிவதைப் படிக்கத் தொல்காப்பியர், அதன் பின்னால் இருப்பதைக் கேட்க அக்வினாஸ்.

நாளைக் காலை வகுப்பில் செய்யக்கூடியவை என்று மூன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, சொல் கொடுங்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு உணர்ச்சியின் பெயர்கள் இரண்டோ மூன்றோதான் தெரியும்: கோபம், சந்தோசம், பயம். எட்டு மெய்ப்பாட்டையும் எளிய சொல்லில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வந்ததும் இன்று தனக்கு எது என்று தொட்டுவிட்டு உட்காரட்டும். பெயர் தெரிந்த உணர்ச்சியோடு பேச முடியும்.

இரண்டு, கேள்வியை மாற்றுங்கள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்பதற்குப் பதிலாக, "உனக்கு என்ன வேண்டியிருந்தது?" என்று கேளுங்கள். ஒவ்வோர் உணர்ச்சியும் ஏதோ ஒரு நன்மையை நோக்கித்தான் நகர்கிறது என்பது அந்த மரபின் ஆழமான கருத்து. அது தவறான வழியில் தேடிய நன்மையாக இருக்கலாம். எந்த நன்மை என்று தெரிந்தால் சரியான வழியை நாம் காட்டலாம். சண்டை போட்டவனுக்கு மதிப்பு வேண்டியிருந்திருக்கும். திருடியவளுக்குத் தோழிகள் வேண்டியிருந்திருக்கும்.

மூன்று, அமைதியானவர்களைக் கணக்கெடுங்கள். வாரம் ஒரு முறை வருகைப் பதிவேட்டைப் பார்த்து, இந்த வாரம் என்னோடு ஒரு வார்த்தையும் பேசாதவர் யார் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். திங்களன்று அவர்களில் ஒருவரிடம் பாடம் அல்லாத ஒன்றைக் கேளுங்கள். அப்பா கடலுக்குப் போய்விட்டாரா, தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா, அவ்வளவு போதும்.

இவற்றுக்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம். உங்கள் வகுப்பில் இதைச் செய்து பார்த்து, நடந்ததை எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். சரியாக வராததையும் எழுதுங்கள். அதைப் படித்துத்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள்.